மாத்திரைச் சீட்டில் 'சிபிடி': எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் சிலருடைய சீட்டில், மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: சிபிடி. வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். "பேசினால் நோய் போய்விடுமா?" "நாம் சொல்லாத ஆறுதலையா அவர்கள் சொல்லப்போகிறார்கள்?" "நல்லதையே நினை என்பார்கள், அதற்கு எதற்குப் பணம்?"

எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றுமே, இந்தச் சிகிச்சை ஆறுதலாகவோ அறிவுரையாகவோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. அங்கே நடப்பது வேறு. மனதில் ஓடும் எண்ணத்தை எழுதிவைத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஆதாரம் பார்த்தும், செய்து பார்த்தும் சோதிக்கக் கற்றுத்தருகிறார்கள். எண்ணம் தவறு என்று தெரியலாம். சரி என்றும் தெரியலாம். அப்போது அடுத்து என்ன செய்வது என்று பார்க்கிறார்கள்.

## முதலில் சில சொற்கள்

டிப்ரஷன் என்று பேச்சில் சொல்லும் மனச்சோர்வு, ஒருநாள் மனசு சரியில்லாமல் போவதைக் குறிக்காது. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி நேரம் துக்கமோ எதிலும் பிடிப்பின்மையோ இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு ஆகியவையும் மாறியிருக்கும். பதற்ற நோய் என்பது, இருக்கும் ஆபத்துக்கு மீறிய பயம் விடாமல் தொடர்ந்து, அன்றாட வேலையைக் கெடுப்பது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவது மிகச் சாதாரணம்.

சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதமாட்டார், உளவியல் சிகிச்சை தருவார். சிபிடி பெரும்பாலும் இந்த இரண்டாமவரிடம்தான் நடக்கும்.

காக்னிடிவ் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம்தான் சிபிடி. தமிழில் 'அறிவாற்றல் நடத்தை சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. நோயாளியின் அறிவில் ஏதோ குறை என்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே அறிவு என்பது புத்திசாலித்தனம் இல்லை. மனதில் ஓடும் எண்ணம், ஒரு விஷயத்துக்கு மனம் கொடுக்கும் பொருள். 'எண்ணமும் நடத்தையும் சார்ந்த சிகிச்சை' என்றால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம். மொத்தம் 12 முதல் 20 அமர்வுகள். வருடக்கணக்கில் இழுக்காமல், முடிவு தேதியை மனதில் வைத்தே தொடங்கும் சிகிச்சை இது.

## கனவில் தேடியவருக்குக் கிடைத்தது

சிபிடியை உருவாக்கியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த மனநல மருத்துவர் ஏரன் பெக் (1921–2021). மனதின் அடியில் புதைந்து கிடப்பதைத் தேடும் ஃபிராய்டின் மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மற்றவர் மேல் இருக்கும் கோபம் உள்ளே திரும்பித் தன்னையே தாக்குவதுதான் மனச்சோர்வு என்பது அன்றைய கொள்கை. அதை நிரூபிக்க, மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் அவர் எதிர்பார்த்த கோபம் அகப்படவில்லை. இழப்பும், தோல்வியும், கைவிடப்பட்டதும்தான் திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போது அந்த நோயாளிகள் தங்களைப் பற்றிச் சொன்னதும் அதையேதான்.

இன்னொரு சம்பவத்தையும் பெக் பின்னாளில் சொல்வதுண்டு. ஒரு பெண் தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே பதற்றமாக இருந்தார். பேசும் விஷயம்தான் காரணம் என்று பெக் நினைத்தார். விசாரித்தபோது, 'நான் பேசுவது டாக்டருக்குச் சலிப்பாக இருக்கும்' என்ற எண்ணம் அந்தப் பெண்ணின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. வாய் ஒன்றைப் பேச, அடியில் இன்னொரு பேச்சு. யாரும் கேட்காததால் அவராகச் சொல்லவில்லை.

இதற்குத்தான் 'தானாக எழும் எண்ணம்' என்று பெயர் வந்தது. நாம் உட்கார்ந்து யோசித்து வரவழைப்பதில்லை. கண்சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும். வந்ததை எண்ணம் என்று கவனிக்காமல், நடந்த உண்மை என்றே எடுத்துக்கொள்வோம். 1960களில் பெக் இதைக் கட்டுரைகளாக எழுதினார். அதே காலத்தில் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் தனி வழியில் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

## ஒரு ஜாக்கெட், ஒரு தாள்

ஒரு உதாரணத்தை விவரமாகவே பார்ப்போம். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். சில மாதங்களாக மனச்சோர்வு. வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர், தைத்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விடுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் நடப்பதை இப்படிப் பிரிக்கலாம்:

1. சூழ்நிலை: வாடிக்கையாளர் எதுவும் சொல்லாமல் போனார். படம் பிடித்தால் கேமராவில் பதிவது இவ்வளவுதான்.
2. எண்ணம்: 'பிடிக்கவில்லை. இனி வரமாட்டார். எனக்கு எதையுமே உருப்படியாகச் செய்யத் தெரியாது.'
3. உணர்ச்சி: துக்கம், நூற்றுக்கு 80.
4. உடல்: நெஞ்சில் பாரம், கை ஓடவில்லை.
5. செயல்: மூன்று மணிக்கே கதவைச் சாத்திப் படுத்துவிட்டார். மாலையில் வந்த புதிய ஆர்டரையும் 'உடம்பு சரியில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐந்தாவது புள்ளியில்தான் சிக்கல் இறுகுகிறது. ஆர்டர் போனது, வருமானம் குறைந்தது. 'எனக்கு எதுவும் வராது' என்ற எண்ணத்துக்குப் புது ஆதாரம் கிடைத்துவிட்டது. எண்ணம் செயலை முடக்குகிறது, முடங்கிய செயல் எண்ணத்தை உறுதியாக்குகிறது. மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடிக்க இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம். எங்கே தொட்டாலும் அறுக்கலாம். எண்ணத்தையும் செயலையும் நேராகத் தொட முடியும் என்பதால் சிபிடி அந்த இரண்டில் கை வைக்கிறது.

இனி, அமர்வில் நடப்பது. 'அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா' என்று சிகிச்சையாளர் சொல்லமாட்டார். ஒரு தாளில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு, அந்த எண்ணத்துக்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று கேட்பார்.

ஆதரவாக: எதுவும் சொல்லவில்லை. அவசரமாகப் போனார்.

எதிராக: பேரம் பேசாமல் முழுப் பணமும் கொடுத்தார். இடுப்பில் இருந்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான்கு தீபாவளியாக இங்கேதான் தைக்கிறார். போன வருடம் ஜாக்கெட்டின் கை இறுக்கமாக இருந்தபோது மறுநாளே வந்து சொன்னார்.

இதிலிருந்து வரும் மாற்று எண்ணம் 'நான் மிகச் சிறந்த தையல்காரி' என்பதாக இருக்காது. 'பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சரியில்லை என்றால் இவர் சொல்லக்கூடியவர்' என்பதுதான். துக்கம் 80-லிருந்து 45-க்கு இறங்கலாம். பூஜ்யத்துக்கு இறங்காது, இறங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

அப்புறம் முக்கியமான படி: போன் செய்து கேட்டுவிடுவது. "ஜாக்கெட் சரியா இருந்ததாக்கா?" பதில் "நல்லா இருந்துச்சு" என்று வரலாம். "தோள் கொஞ்சம் லூசா இருக்கு" என்றும் வரலாம். இரண்டாவது பதில் வந்தாலும் சிகிச்சை தோற்றதாக ஆகாது. தோள் லூசு என்பது அரை மணி நேரத்தில் பிரித்துத் தைக்கும் வேலை. 'எதையுமே செய்யத் தெரியாது' என்பது ஒரு மனுஷியைப் பற்றிய தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவரே கண்ணால் பார்த்துவிடுகிறார். 'நல்லதையே நினை' என்ற அறிவுரையால் இந்த இடத்துக்கு வர முடியாது. மனச்சோர்வில் இருப்பவரிடம் அதைச் சொன்னால், 'அதுகூட என்னால் முடியவில்லையே' என்று இன்னொரு குற்றவுணர்வுதான் சேரும்.

இப்படிப்பட்ட எண்ணங்களில் சில சாயல்கள் அடிக்கடி வரும். ஒரு நிகழ்ச்சியை வைத்து 'எப்பவுமே', 'எதுவுமே' என்று முடிவுகட்டுவது, அடுத்தவர் மனதில் இருப்பது தெரியும் என்று நினைப்பது, நடக்கக்கூடியவற்றில் மிக மோசமானதையே நிச்சயம் என்று கொள்வது. நோயில்லாதவர்களுக்கும் இவை வரும். மனச்சோர்வில் இவை ஓயாமல், ஒரே திசையில் வரும்.

## எண்ணம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம்

மிகவும் சோர்ந்து கிடப்பவருக்குத் தாளும் பேனாவும் எடுப்பதே மலை. அவருக்குச் சிகிச்சை செயலில் இருந்து தொடங்கும். 'மனசு சரியானதும் செய்கிறேன்' என்பதுதான் எல்லோருடைய இயல்பும். இங்கே அதைத் தலைகீழாக்குகிறார்கள்: முதலில் சிறியதாக ஏதாவது செய், மனசு பின்னால் வரும். காலை ஏழு மணிக்குக் குளிப்பது, பத்து நிமிடம் தெருமுனைவரை நடப்பது, ஒரே ஒரு ஜாக்கெட்டுக்கு மட்டும் அளவு வெட்டிவைப்பது. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு மதிப்பெண் போட்டு, அட்டவணையில் குறிக்க வேண்டும். செயலூக்கச் சிகிச்சை என்று இதைச் சொல்லலாம். 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு அடித்தளம் போட்டார்.

1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சிபிடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செயலூக்கம் மட்டும், இன்னொன்றுக்கு அதோடு எண்ணச் சோதனை, மூன்றாவதற்கு முழுச் சிகிச்சை என்று கொடுத்தார்கள். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. எண்ணத்தை நேராகத் தொடாமலே மனச்சோர்வு குறையும் என்றால், எண்ணம்தான் மையம் என்ற பெக்கின் கொள்கைக்கு அது சங்கடம். நோயாளிக்கு மிக நல்ல செய்தி. ஏனென்றால் செயலூக்கம் கற்றுத்தர எளிது. அதன் விளைவைக் கீழே பார்க்கலாம்.

## பேருந்தில் வரும் மரண பயம்

பதற்ற நோயில் சிபிடியின் தர்க்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். பேனிக் அட்டாக்கை எடுத்துக்கொள்வோம். கூட்டமான பேருந்தில் ஒருவருக்குத் திடீரென்று இதயம் படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது. 'ஹார்ட் அட்டாக், செத்துவிடுவேன்' என்று பாதி வழியில் இறங்கிவிடுகிறார். இசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி வருகிறது.

1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சொன்ன விளக்கம் இது. உடலில் ஒரு சாதாரண மாற்றம் ஏற்படுகிறது. அதை ஆபத்து என்று மனம் தவறாகப் படிக்கிறது. பயம் ஏறுகிறது. பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. கூடிய படபடப்பு 'ஆமாம், ஆபத்துதான்' என்று உறுதிசெய்கிறது. சில நிமிடங்களில் உச்சம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டு அவர் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

இதற்குச் சிகிச்சையறையிலேயே ஒரு சோதனை உண்டு. இதயநோயோ ஆஸ்துமாவோ இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, இருவரும் சேர்ந்து ஒன்றிரண்டு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக, ஆழமாக மூச்சு விடுவார்கள். தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு படபடக்கும். பேருந்தில் வந்த அதே உணர்வு. சிகிச்சையாளருக்கும் அதேதான் வரும். வேக மூச்சில் ரத்தத்தின் கரியமில வாயு குறைவதால் இது நடக்கிறது. மூச்சு சீரானால் தானாக அடங்குகிறது. பல மாதமாக மரணத்தின் அடையாளம் என்று நம்பியதைத் தன் மூச்சாலேயே உண்டாக்கி, அடங்குவதையும் பார்த்துவிட்டவருக்கு, அதற்குப் பிறகு பேருந்து பழைய பேருந்தாக இருக்காது.

அடுத்தது 'பாதுகாப்புச் செயல்கள்'. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், படிக்கட்டுப் பக்கத்து இருக்கை, மனைவி இல்லாமல் வெளியே போகாமை. இவை அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் ஆபத்து வராததற்குப் பாட்டில்தான் காரணம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, பயப்படும் இடத்துக்கே போய், பயம் தானாக இறங்கும்வரை அங்கே நிற்பது சிகிச்சையின் பெரும்பகுதி. இது கஷ்டம்தான். முதல் வாரங்களில் பதற்றம் கூடியதுபோலத் தோன்றும். அதை முன்கூட்டியே சொல்லாத சிகிச்சையாளரிடம் பலர் பாதியில் நின்றுவிடுவதில் ஆச்சரியமில்லை.

## பலன் உண்டா? கிடைத்திருக்கும் சான்று

1977இல் வெளியான ஆய்வில், அன்றைய முக்கிய மருந்தான இமிப்ரமினோடு பெக்கின் சிகிச்சையை ஒப்பிட்டார்கள். பேச்சு சிகிச்சை மருந்துக்கு ஈடுகொடுக்கும் என்று முதலில் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. 2005இல் வந்த பெரிய ஆய்வில், நடுத்தர, கடுமையான மனச்சோர்வு உள்ள 240 பேர் சேர்ந்தார்கள். 16 வாரத்தில் மருந்துக் குழுவிலும் சிபிடி குழுவிலும் 58 சதவீதம் பேருக்குப் பலன். அடுத்த ஒரு வருடத்தில்தான் வித்தியாசம். தேறியபின் மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. சிபிடியை முடித்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு. கற்றுக்கொண்டது கையில் தங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். மருந்து வேண்டாம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்து அரசு 2008 முதல் பொதுச் சுகாதார அமைப்பிலேயே உளவியல் சிகிச்சையைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது. சிகிச்சையை முடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முழுதாகத் தேறுகிறார்கள். மீதிப் பேருக்கு வேறு சிகிச்சையோ, மருந்தோ, இரண்டும் சேர்ந்தோ தேவைப்படுகிறது.

## ராவல்பிண்டி, கோவா, ஹராரே

நம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமான பகுதி இதுதான். 2015–16இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் 15 மணி நேரம் தர, தேவையான உளவியலாளர்கள் இல்லை. அப்படியானால் யார் தருவது?

பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றிய கிராமங்களில், அதிஃப் ரஹ்மான் குழு இதற்கு ஒரு பதில் தேடியது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த 903 பெண்கள். சிகிச்சை தந்தவர்கள், நம் ஊர் ஆஷா பணியாளர் போல வீடு வீடாகப் போகும் கிராமச் சுகாதாரப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் உண்டு என்பதால், எண்ணங்களைப் படங்களாக வரைந்து காட்டினார்கள். 'உங்கள் மருமகளுக்கு மனநோய்' என்று வாசலில் போய்ச் சொன்னால் கதவு சாத்தப்படும். 'பிறக்கப்போகும் குழந்தை நன்றாக வளர' என்று தொடங்கினார்கள். மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிகிச்சையின் உள்ளடக்கம் சிபிடிதான், நுழைந்த வழி மட்டும் வேறு. 2008இல் முடிவு வந்தது: குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது.

கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவுமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, மேலே சொன்ன செயலூக்கச் சிகிச்சையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் தரவைத்தார்கள். 2017இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், மருத்துவமனைக்கு வெளியே மரபெஞ்சு போட்டு, வருபவர்களோடு பேசி உதவ, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்தார். அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குப் பக்கத்தில் வரும் சொல் 'குஃபுங்கிசிசா'. அதிகமாக யோசிப்பது என்று பொருள். 'அவன் ரொம்ப யோசிக்கிறான், அதான் இப்படி ஆயிட்டான்' என்று நம் ஊரில் சொல்வதும் இதையேதான். எண்ணத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மக்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். அதற்குமேல் என்ன செய்வது என்பதைத்தான் யாராவது உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும்.

## எங்கே போதாது

1. இருதுருவ நோய் (மனநிலை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறும் பைபோலார்), மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்றவை வரும் ஸ்கிசோஃப்ரினியா) போன்றவற்றில் மருந்துதான் அடிப்படை. சிபிடி துணையாக வரலாம்.
2. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போது, முதல் வேலை உயிரைக் காப்பது. வாராந்தர அமர்வுக்குக் காத்திருக்க முடியாது.
3. எண்ணம் உண்மையாகவே இருக்கும் இடங்கள். அந்தத் தையல்காரப் பெண்ணைக் கணவன் அடிக்கிறான் என்றாலோ, கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்றாலோ, 'உங்கள் எண்ணத்தில் பிழை இருக்கிறதா பார்ப்போம்' என்பது அவரை இன்னொரு முறை அடிப்பதற்குச் சமம். அங்கே தேவை பாதுகாப்பு, சட்ட உதவி, ஒவ்வொரு சிக்கலாகப் பிரித்துத் தீர்க்கும் வழி. ஹராரே பாட்டிகள் செய்தது பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன இதைத்தான்.

## போகும் முன் கேட்க வேண்டியவை

'கவுன்சலிங்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். அதனால் இவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம்:

1. நீங்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? இல்லையென்றால், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள்?
2. சிபிடியில் தனிப் பயிற்சி உண்டா? எத்தனை அமர்வு ஆகும், ஒன்றுக்கு எவ்வளவு?
3. வீட்டுப்பாடம் தருவீர்களா? வாரத்தில் ஒரு மணி நேரம் போக மீதி நேரத்தில்தான் சிகிச்சை உண்மையில் நடக்கிறது. தாளே இல்லாத சிபிடியை நான் நம்பமாட்டேன்.
4. முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு எளிய கருவி இருக்கிறது. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில், கடந்த இரண்டு வாரத்தை வைத்துப் பூஜ்யத்திலிருந்து 27 வரை மதிப்பெண் வரும். 10 அல்லது அதற்குமேல் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே தாளை நிரப்பினால் எண் இறங்குகிறதா என்று தெரியும். ஆறேழு அமர்வுக்குப் பிறகும் அசையவே இல்லை என்றால், முறையை மாற்றலாமா, மருந்து சேர்க்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்பது உங்கள் உரிமை.

பணம் தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய, இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இதேபோன்ற உதவி எண்கள்: தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், அமர்வு, கட்டணம், பதிவு எண் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே இவற்றில் ஓர் எண்ணை அழுத்துங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.